உங்க ஆன்டெனா எத்தனை வாட் தாங்கும்? - ஒரு அரைகுறை நம்பரும் நம்ம ஏமாளித்தனமும்

டிஸ்கி: இது ஹாம் ரேடியோ பத்தின பதிவு. கொஞ்சம் கணக்கு வரும், கொஞ்சம் கோபமும் வரும். கணக்கு அலர்ஜி உள்ளவங்க கோபத்தை மட்டும் படிச்சுட்டுப் போகலாம். அப்புறம், பேஸ் ஸ்டேஷன்னதும் செல்போன் கோபுரம்னு நினைச்சுடாதீங்க. எங்க பாஷையில வீட்டுல ஒரே இடத்துல நிலையா உக்காந்திருக்கிற ரேடியோவும், மொட்டை மாடியில நிக்கிற அதோட ஆன்டெனாவும்தான் பேஸ் ஸ்டேஷன்.

போன ஞாயித்துக்கிழமை காலையில ஒரு போன். புதுசா லைசென்ஸ் வாங்கின தம்பி ஒருத்தர்.

"அண்ணே, மாடியில ஆன்டெனா போடப் போறேன். ஒரு கடையில ஆயிரம் வாட் தாங்கும்னு ஒண்ணு இருக்கு. இன்னொரு இடத்துல ஆயிரத்து ஐந்நூறு தாங்கும்னு சொல்றாங்க, விலை மட்டும் இரண்டாயிரம் ரூபா ஜாஸ்தி. எதை வாங்க?"

"உங்க ரேடியோ எத்தனை வாட்?"

"நூறுண்ணே."

"பேசப் போறீங்களா, இல்ல டிஜிட்டலா?"

"எனக்குப் பேச்சு வராதுண்ணே. எஃப்.டி.8 மட்டும்தான்."

"அந்த ஆயிரம் வாட்டுங்கிறது எந்த அலைவரிசையில, எந்த மோடுல, எத்தனை நிமிஷத்துக்குன்னு பெட்டி மேல போட்டிருக்கா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "அண்ணே, அதெல்லாம் யாருண்ணே போடறா?" அப்படின்னார்.

அதானே. யாரும் போடறதில்ல. நாமளும் கேக்கறதில்ல. இந்தப் பதிவு அதுக்குத்தான்.

நேரா சொல்லிடறேன். ஒரு ஆன்டெனா "இத்தனை வாட் தாங்கும்"னு ஒத்தை நம்பரா எழுதியிருந்தா, அது பாதி உண்மை. பாதி உண்மையை முழு உண்மை மாதிரி விக்கிறதுக்குத் தமிழ்ல என்ன பேருன்னு உங்களுக்கே தெரியும். விக்கிறவங்களை மட்டும் குத்தம் சொல்லிட்டுத் தப்பிச்சுக்க முடியாது. புதுப் பசங்க வந்து கேட்டா "அட, அது கிலோவாட் ஆன்டெனாப்பா, என்ன வேணா போடு"ன்னு சொல்ற பெரியவங்க நாமதான். நான் உள்பட. நானும் ஒரு காலத்துல அப்படிச் சொன்னவன்தான்.

ஒரு பெட்டி, மூணு நம்பர்

ஆன்டெனா சாகிறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு சூடு, இன்னொண்ணு வோல்ட்டேஜ். ரெண்டும் வேற வேற வியாதி. ஒரே நம்பர்ல ரெண்டையும் சொல்லவே முடியாது. முதல்ல சூட்டைப் பாப்போம்.

ஆன்டெனாவுல கம்பி சாதாரணமா எரியாது. எரியறது அதோட அடியில இருக்கிற சின்னப் பெட்டி. அதுக்குள்ள பலூன் அல்லது டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ஃபெரைட் வளையம், அது மேல நாலு சுத்துக் கம்பி. இந்தப் பெட்டியில அரை டெசிபல் இழப்புன்னு வச்சுக்கங்க. கேக்க ரொம்ப நல்ல பெட்டி மாதிரிதான் தோணும். ஆனா அரை டெசிபல்னா நூத்துக்கு பதினொண்ணு. 100 வாட் உள்ள போனா 11 வாட் வெளியில போறதில்ல, பெட்டிக்குள்ளயே சூடாத் தங்கிடுது.

இப்ப இந்தப் பெட்டியால தொடர்ச்சியா 11 வாட் சூட்டை வெளியேத்த முடியும், அதுக்கு மேல முடியாதுன்னு வச்சுக்குவோம். அப்படின்னா இந்தப் பெட்டி எத்தனை வாட் தாங்கும்?

எஸ்.எஸ்.பி.யில பேசறோம்னா, மனுசப் பேச்சு தொடர்ச்சியா உச்சத்துல இருக்கிறதில்ல. மூச்சு விடறோம், "ஆங்..." போடறோம். சாதாரணப் பேச்சோட சராசரி, உச்சத்துல ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதுலயும் பாதி நேரம் நாம கேட்டுக்கிட்டு இருக்கோம். ஆக மொத்தத்துல பத்தில் ஒரு பங்கு. அப்ப இந்தப் பெட்டி மேல தாராளமா "1000 வாட்"னு அச்சடிக்கலாம். பொய்யில்ல.

எஃப்.டி.8 வேற. 2017-ல ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கின மோடு அது. (டெய்லர் 1993-ல பௌதிகத்துக்கு நோபல் வாங்கினவர், ஞாபகம் இருக்கட்டும்.) பதினைஞ்சு விநாடிச் சுற்றுல 12.64 விநாடி சிக்னல் போகுது, மூச்சே விடாம, முழு உச்சத்துல. அடுத்த பதினைஞ்சு விநாடி கேக்கிறோம். ஆக 30 விநாடிக்கு 12.64, அதாவது 42 சதவீதம். அதே பெட்டி, அதே 11 வாட் சூடு. கணக்குப் போட்டுப் பாருங்க, 240 வாட்டுக்குக் கொஞ்சம் கீழ வரும்.

ஆர்.டி.டி.ஒய்.யில நீளமா அனுப்பறவங்க, எஃப்.எம்.ல பட்டனை விடாம அமுக்கிக்கிட்டுப் பேசற பேச்சாளர்கள் (நம்ம குரூப்ல ரெண்டு பேர் இருக்காங்க, பேரு சொல்ல மாட்டேன் :-)) இவங்களுக்கெல்லாம் அனுப்பற வரைக்கும் நூத்துக்கு நூறு. பெட்டி சூடாகிற அளவுக்கு நேரம் போனா, தாங்கறது 100 வாட்.

பாத்தீங்களா? ஒரே பெட்டி, ஒரே வளையம், ஒரே கம்பி. 1000, 240, 100. இதுல எது "உண்மையான" நம்பர்? மூணுமே உண்மை. மூணுல பெருசை மட்டும் எடுத்துப் பெட்டி மேல ஒட்டி, மத்த ரெண்டையும் முழுங்கிடறதுதான் என் பிரச்சினை.

என்னைக் கூப்பிட்ட தம்பிக்கு இப்ப என்ன ஆகும்? ரேடியோ 100 வாட், பெட்டி 1000 வாட், பத்து மடங்கு பாதுகாப்புன்னு நினைச்சிருப்பார். எஃப்.டி.8-ல அது ரெண்டரை மடங்குக்கும் கீழ. அதுவும் நான் போட்ட கணக்கு நல்ல பெட்டிக்கு. எண்ட்ஃபெட் ஆன்டெனாவுல வர்ற 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர்கள்ல பதினைஞ்சு சதவீதம் சூடாகிறதெல்லாம் சர்வசாதாரணம். 400 வாட் ஆம்ப்ளிஃபயர் போட்டு எஃப்.டி.8 அனுப்பினா சராசரியா 25 வாட் சூடு. நம்ம எல்லார் வீட்டுலயும் ஒரு 25 வாட் சால்டரிங் அயர்ன் இருக்குமே, அதை ஒரு டிபன் டப்பாக்குள்ள போட்டு மூடி, மே மாசம் மத்தியானம் சென்னை மொட்டை மாடியில வச்சா எப்படி இருக்கும்? அதேதான்.

தானா வர்ற காய்ச்சல், தானா போற காய்ச்சல்

இதுல இன்னொரு கூத்து இருக்கு. ஃபெரைட்டுக்கு கியூரி வெப்பநிலைன்னு ஒண்ணு உண்டு. நாம அதிகம் பயன்படுத்தற 43-ஆம் நம்பர் கலவைக்கு அது ஏறத்தாழ 130 டிகிரி. அதைத் தாண்டினா ஃபெரைட் தன் காந்த குணத்தை இழந்துடும். எஸ்.டபிள்யூ.ஆர். 1.3-ல இருந்து 2, 3-ன்னு ஏறும். ரேடியோவை நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டா ஆறிப்போய்ப் பழையபடி 1.3 காட்டும்.

இது எத்தனை பேருக்கு நடந்திருக்கு, சொல்லுங்க? "காத்துல கம்பி ஆடுது ஓ.எம்.", "பக்கத்து வீட்டு ஏ.சி. ஓடுது போல", "ஈரம் இருக்கும்". எத்தனை சமாதானம்! பெட்டி உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்குன்னு யாருக்கும் தோணாது. ஏன்னா அதுதான் ஆயிரம் வாட் தாங்குமே! அந்த நம்பர் நம்ம கண்ணைக் கட்டிப் போட்டிருக்கு. நோயைக் கண்டுபிடிக்க விடாத நம்பர், நம்பர் இல்லாததை விட மோசம்.

வோல்ட்டேஜ்னு ஒருத்தர் இருக்கார்

சூடு மெதுவாக் கொல்லும். வோல்ட்டேஜ் ஒரே அடி. இங்க சராசரி கிராசரியெல்லாம் செல்லாது. உச்சம் ஒரு தடவை தாண்டினாப் போதும், பொறி பறந்துடும்.

50 ஓம் கேபிள்ல 100 வாட்னா உச்ச வோல்ட்டேஜ் 100. 400 வாட்னா 200. 1500 வாட்டுக்கும் 390-க்குள்ளதான். ரேடியோ பின்னாடி இருக்கிற சாதா எஸ்.ஓ.239 கனெக்டருக்கு 500 வோல்ட் வரைன்னு போட்டிருப்பாங்க, சமாளிச்சுடும். ஆனா அதே 100 வாட் எண்ட்ஃபெட் கம்பியோட முனைக்குப் போகும்போது? அங்க 50 ஓம் இல்ல, ஏறக்குறைய 2450 ஓம். உச்ச வோல்ட்டேஜ் 700. 400 வாட் போட்டா 1400. மொட்டை மாடியில கொடிக்கயிறு பக்கத்துல அந்தக் கம்பியைக் கட்டியிருக்கிற மகானுபாவர்கள் தயவு செஞ்சு இன்னிக்கே அவிழ்த்து உயரமாக் கட்டுங்க. துணி காயப்போட வர்ற அம்மாவுக்கு உங்க வாட் கணக்கு தெரியாது.

ஒரு மீட்டர் விட்டமுள்ள காந்த வளைய ஆன்டெனா இன்னும் மோசம். 7 மெகாஹெர்ட்ஸ்ல வெறும் 100 வாட்டுக்கே அதோட கெபாசிட்டர்ல நாலஞ்சு ஆயிரம் வோல்ட் நிக்கும். அது தாங்கறதும் தாங்காததும் தகட்டுக்கு நடுவுல இருக்கிற காத்து இடைவெளியைப் பொறுத்தது.

எஸ்.டபிள்யூ.ஆர். அதிகமானாலும் இதே கதை. 3-க்கு 1 இருந்தா, கேபிள் தாங்கற உச்ச பவர் மூணுல ஒரு பங்காக் குறையும். பெட்டி மேல அச்சடிச்ச நம்பர் 1-க்கு 1 இருக்கிற லட்சிய உலகத்துக்கானது. நம்ம யாரும் அந்த உலகத்துல குடியிருக்கல.

இடமும் முக்கியம்ங்க. ஈக்வடார் தலைநகர் கீட்டோவுல எச்.சி.ஜே.பி.ன்னு ஒரு குறும்பலை நிலையம். 1940-கள்ல அவங்ககிட்ட 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரும் பீம் ஆன்டெனாவும் இருந்துச்சு. ஊர் கடல்மட்டத்துக்கு மேல ஏறக்குறைய 2850 மீட்டர். அங்க காத்தோட அடர்த்தி கீழ இருக்கிறதுல முக்கால் பங்குதான். அடர்த்தி குறைஞ்ச காத்து சீக்கிரமே பொறி விட்டுடும். ராத்திரியில ஆன்டெனா முனைகள்ல நெருப்புப் பந்து மாதிரி கொரோனா வெளிச்சம். அலுமினியக் குழாயோட நுனியே உருகிப்போச்சு. அங்க பொறியாளரா இருந்த கிளாரன்ஸ் மூர் 1942-ல யோசிச்சார். நுனி இருந்தாத்தானே எரியும்? நுனியே இல்லாத மூடின சதுர வளையமாப் பண்ணினா என்ன? அப்படிப் பொறந்ததுதான் க்யூபிகல் குவாட் ஆன்டெனா. இன்னிக்கும் உலகம் பூரா ஹாம்கள் பயன்படுத்தறாங்க.

மூர் "இன்னும் அதிக வாட் தாங்கற ஆன்டெனா குடுங்க"ன்னு கேட்டுக்கிட்டு உக்காரல. எது எரியுது, ஏன் எரியுதுன்னு கேட்டார். நம்ம ஊட்டி, கொடைக்கானல் நண்பர்களும் இதைக் காதுல போட்டுக்கங்க. 2000 மீட்டருக்கு மேல இருக்கற உங்களுக்கு, சென்னைக்காரன் நம்பர் அப்படியே பொருந்தாது.

என் சொந்தக் கதை

நிற்க. இவ்வளவு கோபம் எதுக்குன்னு கேப்பீங்க. சொல்றேன்.

2015 டிசம்பர் 1. சென்னையில இருந்தவங்களுக்கு அந்த ராத்திரியை விளக்கத் தேவையில்ல. எங்க தெரு கொஞ்சம் மேடு, தண்ணி ஏறல. கரண்ட் இல்ல, செல்போன் இல்ல. கார் பேட்டரியில 2 மீட்டர் எஃப்.எம். செட்டைப் போட்டு, 25 வாட்ல சேதி கடத்திக்கிட்டு இருந்தோம். நாலஞ்சு பேர், ஊரோட நாலஞ்சு மூலையில. யார் வீட்டுல யார் மாட்டியிருக்காங்க, யாருக்கு மருந்து வேணும், அவ்வளவுதான் பேச்சு.

மாடியில இருந்தது ஃபைபர்கிளாஸ் குச்சி ஆன்டெனா. லேபிள்ல கொட்டை எழுத்துல 200 வாட். நான் போடறது 25. எட்டு மடங்கு பாதுகாப்பு. அதைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல.

ராத்திரி பத்தரை மணி வாக்குல எல்லாரும் அமைதியாயிட்டாங்க. கூப்பிட்டா பதில் இல்ல. அவங்கவங்க பேட்டரி போயிருக்கும்னு நினைச்சேன். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பாத்தேன், 1.7. கொஞ்சம் ஏறியிருக்கு, மழைதானே, பரவால்லன்னு விட்டுட்டேன். ஒரு பாட்டிக்கு இன்சுலின் வேணும்னு வந்த சேதியைக் கையில வச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் கத்திக்கிட்டே இருந்தேன்.

அவங்க யாரும் அமைதியாகல. நான்தான் செத்துப்போயிருந்தேன். என் ஆன்டெனா அடிக் கனெக்டர்ல தண்ணி இறங்கி, உள்ள கருகி, ஷார்ட் ஆயிருந்துச்சு. அப்புறம் ஏன் மீட்டர் 1.7 காட்டுச்சு? என் கேபிள் மெல்லிசு ஆர்.ஜி.58, மாடியில இருந்து கீழ் வீட்டுக்கு 30 மீட்டர். 145 மெகாஹெர்ட்ஸ்ல அதுல ஏறக்குறைய 6 டெசிபல் போயிடும். நாலுல மூணு பங்கு. போறப்ப ஒரு 6, திரும்பி வர்றப்ப ஒரு 6. மாடியில ஆன்டெனாவே இல்லாட்டாலும் கீழ மீட்டர் 1.7-தான் காட்டும்! இந்தக் கணக்கை நான் அடுத்த வாரம்தான் போட்டுப் பாத்தேன். அன்னிக்கு ராத்திரி தெரியல.

கடைசியில பதினொன்னேகால் மணிக்கு, தம்பி பையன் கிட்ட டார்ச்சைப் பிடிக்கச் சொல்லிட்டு, அஞ்சு செப்புக் கம்பியை 49 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி ஒரு கனெக்டர்ல வச்சு பத்த வச்சேன் (பேட்டரியில ஓடற சால்டரிங் அயர்ன், வாழ்க!). ஒண்ணு மேல, நாலு கீழ. பால்கனி சன்ஷேடுக்கு அடியில தொங்கவிட்டு, ஒன்றரை மீட்டர் கேபிள்ல 5 வாட் கைப்பேசிச் செட்டை மாட்டினேன். முதல் கூப்பிட்டதுக்கே பதில் வந்துச்சு. "எங்கய்யா போயிட்டீர் இவ்வளவு நேரம்?"

மருந்து விடியக்காலம் போய்ச் சேந்துச்சு. பாட்டி நல்லா இருக்காங்க. ஆனா அந்த முக்கால் மணி நேரம் இன்னமும் எனக்கு முள்ளாத்தான் இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. 25 வாட்டை 30 மீட்டர் மெல்லிசு கேபிள்ல அனுப்பினா ஆன்டெனாவுக்குப் போனது ஏறக்குறைய 6 வாட். நேரா மாட்டின கைச்செட்டு 5 வாட். இந்த வித்தியாசத்துக்காகவா நான் "200 வாட் ஆன்டெனா" வாங்கினேன்? அந்த 200-ங்கிற நம்பர்ல தண்ணி உண்டா, துரு உண்டா, நாலு வருஷ வெயில் உண்டா? கனெக்டருக்கு ரப்பர் டேப் சுத்தாதது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா லேபிள்ல இருந்த அந்தப் பெரிய நம்பர்தான் "உனக்கென்ன கவலை"ன்னு என்னைத் தூங்க வச்சுது.

எதிர்க்கட்சி என்ன சொல்லும்?

பின்னூட்டத்துல வரப்போறதை நானே முன்கூட்டியே எழுதிடறேன்.

"ஓ.எம்., அதிகமாத் தாங்கறதை வாங்கினா நல்லதுதானே, ஒரு பாதுகாப்பு இருக்குமே?" சரிதான். தடிச்ச கம்பி, பெரிய வளையம், நல்ல கனெக்டர், இதெல்லாம் இருந்தா உண்மையிலயே நல்லது. ஆனா பெரிய வளையத்தை வாங்கறதும் பெரிய நம்பரை வாங்கறதும் ஒண்ணில்ல. உள்ள என்ன இருக்குன்னு காட்டாத 1500-ஐ விட, "7 மெகாஹெர்ட்ஸ், தொடர் சிக்னல், பத்து நிமிஷம், 150 வாட்"னு தெளிவாச் சொல்ற பெட்டி எனக்கு எவ்வளவோ மேல்.

"நான் பதினைஞ்சு வருஷமா 400 வாட் போடறேன், ஒண்ணும் ஆகலியே?" சந்தோஷம். நீங்க எஸ்.எஸ்.பி.யில ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பேசறவர். உங்க பெட்டி வாரத்துல ஆறு நாள் ஓய்வெடுக்குது. அதே பெட்டியை எஃப்.டி.8 பையன்கிட்ட ஒரு ராத்திரி குடுத்துப் பாருங்க. உங்க அனுபவம் உங்க பழக்கத்துக்கான சான்றிதழ், ஆன்டெனாவுக்கானது இல்ல.

"வாங்கறவனுக்கு அட்டவணையெல்லாம் புரியாது, ஒரு நம்பர் போதும்." இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். நாம பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினவங்க. ஓம் விதி தெரியும்னு அரசாங்கத்துக்கே எழுதிக் குடுத்தவங்க. நமக்கு நாலு வரி அட்டவணை புரியாதுன்னு ஒருத்தர் சொன்னா அதைக் கேட்டு தலையாட்டலாமா? மாத்திரை அட்டையிலயே எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு கேட்டு வாங்கறோம்.

இன்னொண்ணு, கொஞ்சம் கசப்பானது. இந்தப் பெரிய நம்பர் மோகம் ஒரு கெத்துக்காகத்தான். நம்ம நாட்டுல பொது கிரேடு லைசென்ஸுக்குக் குறும்பலையில உச்சவரம்பு 400 வாட். ஆயிரத்து ஐந்நூறுங்கிறது அமெரிக்கக்காரனோட வரம்பு. அவனுக்கு அடிச்ச லேபிளை வாங்கி நாம எதுக்கு மாடியில மாட்டிப் பெருமைப்படணும்? 100 வாட்ல இருந்து 400-க்குப் போனா எதிர்முனையில ஏறறது 6 டெசிபல், அதாவது எஸ் மீட்டர்ல ஒரே ஒரு கோடு. ஆம்ப்ளிஃபயருக்கு அம்பதாயிரம் அறுபதாயிரம்னு கொட்டறோம். அதே ஒரு கோட்டை நல்ல கேபிள்லயும், கம்பியை இன்னும் அஞ்சு மீட்டர் உயரத்துல கட்டறதுலயும் பல சமயம் எடுத்துடலாம். என் 30 மீட்டர் ஆர்.ஜி.58 முழுங்கினதும் அதே 6 டெசிபல்தான், மறந்துடாதீங்க.

அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?

வாங்கப் போறவங்க அஞ்சு கேள்வி கேளுங்க. எந்த அலைவரிசையில? எந்த மோடுல? தொடர்ச்சியா எத்தனை நிமிஷம்? எஸ்.டபிள்யூ.ஆர். எத்தனை வரைக்கும்? உள்ள என்ன வளையம், என்ன கனெக்டர்? அஞ்சுல மூணுக்காவது பதில் இல்லாட்டி வாங்காதீங்க. கடைக்காரர் முகம் சுளிப்பார். பத்து பேர் கேட்டா சுளிக்க மாட்டார், பதிலைத் தேடி வைப்பார்.

வெறும் எஸ்.எஸ்.பி. நம்பர் மட்டும்தான் கிடைக்குதுன்னா, எஃப்.டி.8-க்கு நாலால வகுங்க, நீளமான எஃப்.எம்., ஆர்.டி.டி.ஒய்.க்குப் பத்தால வகுங்க. துல்லியமான விதி இல்ல, மேல போட்ட கணக்குல இருந்து வந்த ஒரு கைக்கணக்கு.

ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? சோதிச்சுப் பாருங்க. நீங்க போடற பவர்ல நாலுல ஒரு பங்கை வச்சு, யாரும் இல்லாத இடம் பாத்து, அடையாளத்தைச் சொல்லிட்டு, ரெண்டு நிமிஷம் தொடர் சிக்னல். எஸ்.டபிள்யூ.ஆர். ஊசி மெதுவா நகருதான்னு பாருங்க. அப்புறம் ரேடியோவை முழுசா அணைச்சுட்டு (கொட்டை எழுத்துல போட்டதுக்குக் காரணம் இருக்கு) மாடிக்குப் போய்ப் பெட்டியைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுன்னா சரி. கை வைக்க முடியலன்னா, மேல அச்சடிச்சிருக்கிற நம்பரைக் கிழிச்சுப் போடுங்க.

மழைக்காலத்துக்கு முன்னாடி கனெக்டரைக் கழட்டிப் பாத்து, ரப்பர் டேப் சுத்துங்க. மீட்டரைக் கீழ மட்டும் வச்சுப் பாக்காதீங்க, வருஷத்துக்கு ஒரு தடவை ஆன்டெனா அடியில வச்சு அளங்க. புது ஆன்டெனா போட்டப்ப என்ன காட்டுச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கங்க. அன்னிக்கு என்கிட்ட அந்த நோட்டு இருந்திருந்தா, 1.7-ஐப் பாத்ததுமே புரிஞ்சிருக்கும்.

அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன்னு கேக்கறீங்களா? ரெண்டு ஆன்டெனாவும் வேண்டாம்னுட்டேன். ரெண்டு பக்கமும் பத்து பத்து மீட்டர் செப்புக் கம்பி, நடுவுல நல்ல வளையத்துல நம்மளே சுத்தின ஒரு சோக், 40 மீட்டர் டைபோல். அடுத்த ஞாயிறு அவர் வீட்டு மாடியில கட்டப் போறோம். "எத்தனை வாட் தாங்கும்ணே?"ன்னு மறுபடியும் கேட்டார். "கட்டி, சூடு பாத்துட்டு, நீயே எழுதி ஒட்டு தம்பி"ன்னேன்.

பி.கு: உங்க பெட்டி எந்த மோடுல, எத்தனை வாட்ல, எத்தனாவது நிமிஷத்துல செத்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கம்பெனி பேர் வேண்டாம், சண்டை வரும். நம்பர் மட்டும் போதும். யாரும் போடாத அட்டவணையை நாமளே போடுவோம்.

73!